சுளகில் காய்ந்த கோதுகள்

அரிசி புடைக்கிற என் சுளகில், அவுஸ்திரேலியக் கிரவீன் வெயிலில், துவக்கு சுட்டபின் மிஞ்சும் வெற்றுப் பித்தளைக் கோதுகள் காய்ந்துகொண்டிருந்தன. நூறு இருக்கும். குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி போட்டுக் கழுவி, வரிசையாக அடுக்கியிருந்தாள் என் மகள் துளசி. வேலையால் வந்து குசினியின் பின்கதவைத் திறந்தபோதுதான் கண்டேன். அவள் வீட்டில் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. மண்வெட்டியை எடுத்தேன். பின்வளவில் எலுமிச்சைக்குக் கீழே முழங்கை ஆழத்துக்குக் கிண்டினேன். எல்லாவற்றையும் கொட்டி மூடி, மேலே சருகைப் பரப்பி, கை கழுவி, தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டுக்குள் கோதைக் கண்டால் வேறு என்ன செய்வது?

துளசிக்கு இருபத்துமூன்று வயது, தாதி வேலை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போக, இவளுக்கு அது பிடித்துப்போயிற்று. துவக்கும் வெடிமருந்தும் அந்தச் சிநேகிதி வீட்டுப் பெட்டகத்தில்தான் என்பதால் நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சுட்ட கோதை எறியாமல், திரும்ப மருந்தும் சன்னமும் போட்டுப் பாவிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அட கடவுளே, அதையும் ஒருவர் ஆசைக்குச் செய்வாரா! பின்னேரம் வந்தவள் வெறுஞ்சுளகைக் கண்டு, எலுமிச்சைக்குக் கீழே புதுமண்ணைக் கிண்டினாள்.

"அம்மா, இது எல்லாம் லீகல். என்னட்ட லைசென்ஸ் இருக்கு. ஏன் கள்ளர் மாதிரித் தாட்டனீங்கள்?"

"வீட்டில வச்சிருக்கக் கூடாது."

"ஏன் எண்டு கேக்கிறன்."

நான் மண்வெட்டியைக் கழுவப் போனேன். மண் ஒட்டிய கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடி அவள் சொன்னாள்: "எப்பவும் இப்பிடித்தான். ஒரு ரீசனும் சொல்ல மாட்டியள். நான் வேற வீடு பாக்கிறன்."

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அதனால்தான், அடுத்த சனிக்கிழமை, "நாள் முழுக்க அளக்கிற ஆள்தானே, வந்து கோது வெட்டுற ட்ரிம்மர் ஒண்டு பாத்துத் தாங்கோவன்" என்று அரை மனதோடு அவள் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் காரில் ஏறினேன். நான் குழாய்ப் பொருத்துகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். மயிரிழை வித்தியாசம் பிடிப்பதுதான் என் சாப்பாடு.

துவக்குக் கடை என்றால் ஏதோ பதுங்குகுழி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் பாண் கடை, எதிரே நாய்க்கு மயிர் வெட்டும் கடை. கல்லாவில் நின்ற கிரெக் என்ற தாடிக்காரர் மூன்று ட்ரிம்மர்களை எடுத்து வைத்தார். வெடிக்கும்போது கோதின் கழுத்து கொஞ்சம் நீளுமாம். அதைப் பழைய அளவுக்கு வெட்டாவிட்டால் ஆபத்தாம். ஒன்று துளைக்கும் மெஷினில் பூட்டுவது, ஒன்று மின்சாரத்தில் ஓடுவது, மற்றது மேசை விளிம்பில் இறுக்கிக் கைபிடியைச் சுற்றுவது. என் தேங்காய் துருவுகிற மெஷினுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.

கிரெக் ஒரு கோதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "வெறுங்கோதுதான், கடிக்காது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கை தானாகப் பொத்திக்கொண்டது.

ஊரில் சண்டைக் காலம், எனக்குப் பத்து வயது. றோட்டில் பொறுக்கிய கோதொன்றை உதட்டில் வைத்து ஊதினால் நல்ல விசில் வரும். அம்மா கண்டால் தோலை உரிப்பார் என்று அதை அண்ணாவின் சைக்கிள் சீற்றுக்குக் கீழிருந்த சாமான் பையில் ஒளித்துவைத்தேன். அண்ணாவுக்கு அது தெரியாது. மறுநாள் ஆமிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். கோது வைத்திருந்தால் இயக்கப் பெடியன் என்றுதான் அர்த்தம். யாருடையது என்று கேட்டார்கள். சைக்கிள் பாரில் இருந்த என்னை அண்ணா ஒருதரம் பார்த்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னை நடந்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அண்ணா வரவேயில்லை. அம்மா கண் மூடும்வரை அந்தக் கோது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

கடையில் நான் என் வேலையைச் செய்தேன். ஒவ்வொரு ட்ரிம்மரிலும் மூன்று கோது வெட்டச் சொல்லி அளந்தேன். துளைக்கும் மெஷினில் வெட்டியவை கை அமர்த்துவதற்கு ஏற்ப மூன்று நீளம். மின்சாரத்தில் ஓடியது திறம்தான், ஆனால் நூறு கோதுக்கு அது வீண். சுற்றுகிறது மூன்றையும் ஒரே அளவில் தந்தது. "இதை எடு" என்றேன். கிரெக் அசந்துபோய், எனக்கும் சுட்டுப் பழக்கமா, எந்த நாடு என்று கேட்டார். சிறிலங்கா என்றேன். தானும் மனைவியும் தேனிலவுக்கு அங்கேதான் போனார்களாம், அப்படி ஒரு அமைதியான இடமாம்.

திரும்பும் வழியில் பொலிஸ் மறித்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று ஊதச் சொல்லும் சாதாரண சோதனை. இளம் பொலிஸ்காரன் கருவியைத் துளசியின் வாய்க்கு நேரே நீட்டி, மூச்சு அதில் படப் பத்துவரை எண்ணச் சொன்னான். அப்போதுதான் தெரிந்தது, கடைக் கோது இன்னும் என் கைக்குள் இருக்கிறது. பிறகு நடந்தது என்னைக் கேட்டு நடந்ததல்ல. கையை அவன் முகத்துக்கு நேரே விரித்து, இங்கிலீசில் கத்தினேன்: "இது என்னுடையது! நான்தான் வைத்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது!"

அவன் கோதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என் அப்பாவும் கோதை ரீலோட் செய்கிறவர்தான்" என்றான். "ஹாவ் எ நைஸ் டே." போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அவ்வளவுதானா? அன்றைக்கே சொல்லியிருந்தால், இவ்வளவு லேசாகவா முடிந்திருக்கும்? கொஞ்சத் தூரம் போய்த் துளசி காரை ஓரங்கட்டினாள்.

"அம்மா, ஆர் அவன்? ஆருக்கு ஒண்டும் தெரியாது?"

சொன்னேன். முப்பத்தைந்து வருசமாக ஒருவருக்கும் சொல்லாததை, லொறிகள் கடந்துபோகும் றோட்டோரத்தில் இருந்து சொன்னேன். அவள் என் பொத்திய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். வேறு வீடு பார்க்கிற கதையை அதன்பிறகு எடுக்கவில்லை.

இப்போது குசினி மேசையின் ஒரு விளிம்பில் தேங்காய் மெஷின், மறு விளிம்பில் ட்ரிம்மர். ஞாயிறு காலையில் நான் துருவ, அவள் வெட்டுகிறாள். கிரெக்கின் கோது என்னிடம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கேட்பதில்லை. அது என் கைப்பையில், வீட்டுத் திறப்போடும் அவுஸ்திரேலியக் கார் லைசென்சோடும் கிடக்கிறது. அதற்காக இங்கே ஒருவரும் என்னைப் பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் பொலிஸ் காரைக் கண்டால் என் கை முதலில் பையின் வாயைத்தான் பொத்துகிறது.