அஞ்சலட்டையில் ஒரு பெரியம்மா

என் அம்மா ஃபயீனா ரஷ்யாவின் பெர்ம் நகரத்து ஆலையொன்றில் கிரேன் ஓட்டினாள். எங்கள் ஊர் பாலே பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது தாயின் உடல்வாகையும் பார்ப்பார்கள். மகள் நாளை எப்படி வளர்வாள் என்று அதில் தெரியுமாம். அம்மா நல்ல பருமன். தன்னால் எனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று தாழ்வாரத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

உள்ளே அழைத்ததும், தேர்வாளர் வாய் திறக்கும் முன்பே அம்மா ஒரு பழைய அஞ்சலட்டையை நீட்டினாள். அதில் வெள்ளை உடையில் ஒரு பாலே நடனக்காரியின் ஓவியம்.

“எங்க பெரியம்மாங்க. எங்க வம்சமே ஒல்லிதான். நான்தான் கேன்டீன்ல தின்னு இப்படி ஆயிட்டேன்.”

தேர்வாளர் சிரித்துவிட்டார். “இந்தப் பெரியம்மா எங்க வீட்டுச் சுவர்லயும் இருக்காங்கம்மா. தபால் ஆபீஸ்ல எல்லாருக்கும்தானே வித்தாங்க!”

எனக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் என் முழங்காலின் அமைப்பா, அம்மாவின் இடுப்பா? யாரும் சொல்லவில்லை; என்னாலும் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

இந்த வருடம் எங்கள் குடும்பத்தின் முதல் கல்லூரிப் பட்டத்தை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்தவள் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

“ஏன்டி, அன்னிக்கு நான் வேற படத்தை எடுத்துட்டுப் போயிருந்தா, உனக்கு இடம் கிடைச்சிருக்குமோ?”