சோளகம் வீசாத நாட்டில் பன்றி வேட்டை

நான் என் வாழ்நாளில் ஒரு பன்றியையும் சுட்டதில்லை. பன்றி என்ன, குருவிமேல் கல் எறிந்ததுகூட இல்லை. இருந்தும், தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில், கோடையில் காட்டுப்பன்றி தேடுவது எப்படி என்று புதிய வேட்டைக்காரருக்கு ஒரு முழுப்பக்கம் எழுதினேன். அதுவும், "நான் சுட்ட பன்றிகளில்..." என்று தொடங்கி!

ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள். நகைச்சுவைப் பத்தி எழுதி எழுதி, தெருவில் காண்பவர்கள் என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்கள். ஒருமுறையாவது என்னைப் பார்த்துச் சற்றுப் பயப்பட மாட்டார்களா... நாற்பத்தெட்டு வயதில் வருகிற வியாதி அது.

குறிப்புகள் எல்லாம் கனகு அண்ணையுடையவை. நான் வவுனியாவில் கந்தோர்க் கிளாக்கராக இருந்தபோது பழகிய, வயல் செய்யும் கமக்காரர், உண்மையான வேட்டைக்காரர். குளம் வற்றும் காலத்தில் பன்றி தண்ணீரைவிடச் சேற்றைத்தான் தேடும். உரசிய மரத்தில் சேறு ஈரமாக இருந்தால் ஆள் பக்கத்தில்தான். கிளறிய மண் இன்னும் கறுப்பாக இருந்தால் அது புதிது... எல்லாம் அவர் சொன்னவை.

ஒரே ஒருமுறை அவரோடு போனேன். ட்ரக்டர் பெட்டியை விட்டு நான் இறங்கவில்லை. அவர் இறங்கி, மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து அந்தரத்தில் தூவினார். அதையே பார்த்தபடி சற்று நின்றார். பிறகு குளத்தைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போனார்.

கட்டுரையில் அந்தத் திருநீற்றை வெட்டிவிட்டேன். நான் பகுத்தறிவாளன் அல்லவா... கடவுள் துணையில்லாமலே பன்றி சுடலாம் என்பது என் கொள்கை. பதிலுக்கு, "கோடையில் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும், ஆகவே பன்றிக்கு வடகிழக்கே நில்லுங்கள், உங்கள் மணம் அதற்குப் போகாது" என்று விஞ்ஞானபூர்வமாக எழுதினேன்.

மிசிசாகாவில் என்னோடு வேலை செய்த ராசன் அந்தப் பக்கத்தை வெட்டி மடித்துப் பேர்ஸுக்குள் வைத்திருந்தான். துவக்கு லைசென்ஸ் புதிதாக எடுத்தவன். ஓகஸ்டில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் ஓடிவந்தான்.

"அண்ணை, விட்பிக்கு வடக்கால ஒரு ஃபாமில வளத்த காட்டுப்பண்டியள் வேலியை உடைச்சு ஓடிட்டுதாம். பக்கத்துத் தோட்டக்காரன் எங்களை வந்து சுடச் சொல்லுறான். நீங்கள் வந்து இடத்தைக் காட்டினாக் காணும்."

"எனக்குத் தெரியாது" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். "ஓம், பாப்பம்" என்ற இரண்டு சொல்தான் வந்தது.

மூன்று கிழமை மழையில்லை. ஓடை வற்றி, ஒரு பள்ளத்தில் மட்டும் சேறு. மரத்தில், முழங்கால் உயரத்தில், ஈரம் காயாத சேறு. பக்கத்தில் கறுப்பாகக் கிளறிய மண்!

ராசன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "அண்ணை, உங்கட கட்டுரை அப்பிடியே கிடக்கு."

அந்தக் கணம் நானே என்னை நம்பினேன் என்றால் நம்புவீர்களா? வெயிலைப் பார்த்துத் திசை கணித்தேன். பள்ளத்துக்கு வடகிழக்கே, காய்ந்த ஓடைக்குள் அவனை நிறுத்தினேன்.

சேற்றிலிருந்து ஒரு மூக்கு எழுந்தது. எங்கள் பக்கம் திரும்பியது. முகர்ந்தது.

அதற்குப் பின்னால் கம்பி வேலி. திறந்திருந்த ஒரே வழி நாங்கள் நின்ற ஓடை. அந்த வழியாகத்தான் அது வந்தது... மண்ணெல்லாம் அதிர, ஒரு சின்னக் கட்டிலளவு உடம்பு! நான் கரையில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. ராசன் சுடவில்லை. விலகிப் பாய்ந்து கல்லில் விழுந்தான். கணுக்கால் முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது.

"பொக்கற்றுக்குள்ள அம்மா தந்த திருநீறு கிடக்கு. கொஞ்சம் பூசிவிடுங்கோ அண்ணை" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அவசரமாகப் பிரித்ததில் பொட்டலம் சரிந்தது. திருநீறு நேரே விழவில்லை. முகத்தில் உறைக்காத அந்த மெல்லிய காற்றில், வெண்புகையாக, எங்களைக் கடந்து பன்றி கிடந்த பள்ளத்தை நோக்கிப் போனது.

கனகு அண்ணை அன்று கும்பிடவில்லை. காற்றுப் பார்த்திருக்கிறார்!

ராசனின் கால் சரியாகப் பொருந்தவில்லை. சனிக்கிழமைகளில் பந்தடித்தவன், இப்போது கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருந்து பார்க்கிறான். கேட்பவர்களிடம், "அண்ணை சரியாத்தான் நிப்பாட்டினவர், நான்தான் அசைஞ்சிட்டன்" என்கிறான். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனை சனிக்கிழமைகள்...

அவனிடம் உண்மையைச் சொல்லவில்லையா என்கிறீர்களா? சொன்னேன். இரண்டு வருடம் கழித்து, அதே மைதானத்தில், அவன் கதிரைக்குப் பக்கத்தில் புல்லில் குந்தியிருந்து முழுவதையும் சொன்னேன். பன்றி சுட்டதில்லை, பெட்டியை விட்டு இறங்கவில்லை, திருநீற்றை வெட்டினேன்... ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ராசன் சிரித்துக்கொண்டு என் தோளில் தட்டினான்.

"சும்மா இருங்கோ அண்ணை. என்ர மனம் ஆறவேணுமெண்டு உப்பிடியெல்லாம் சொல்லுறியள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது."