ஃபேனை நிறுத்திச் சேர்த்த தூள்

பிளஸ் ஒன் படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்காக ஒரு கறுப்புத் திரவம் செய்தேன். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயோடு அது கலந்துவிடும். காந்தத்தைக் காட்டினால் எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கடலில் கொட்டிய டீசலை இப்படி எடுத்துவிடலாம் என்று வாய் கிழியப் பேசினேன்.

அதற்கு இரும்பு கலந்த தூள் வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் டோனரே போதும் என்று படித்திருந்தேன். அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் வேலை. தூக்கிப்போடும் டோனர் டப்பாக்களை மூலக்குளம் பகுதியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வீசிங் உண்டு. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஞாயிறு மதியம் செய்தித்தாளை விரித்து, டப்பாவைத் தட்டி, ஒட்டியிருப்பதை வாயால் ஊதி எடுப்பார். கடையில் பழகிய வேலை. தூள் பறந்து வீணாகிவிடுமே என்று நான்தான் ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தினேன்.

"போதுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு தட்டுப்பா. காந்தம் சரியாவே இழுக்க மாட்டேங்குது."

"இரு, தட்டித் தரேன்." இருமிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தார். மீசைக்கு மேல் மூக்கெல்லாம் கரி. அடுப்புக்குள் படுத்த பூனை மாதிரி இருக்கிறாய் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கண்காட்சியில் தொட்டித் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. முதல் பரிசு எனக்குத்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது கடை ஓனர் போன் செய்தார். அப்பாவுக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

பதக்கத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

"தூசி, பவுடர், ஏதாவது மூச்சுல போச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பா என் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தார். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "அதெல்லாம் இல்ல சார். பனிதான்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல எதுனா?"

"இல்ல சார்."

பயம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பா பிழைத்துவிட்டார். பத்து நாளில் அதே கடைக்குப் போய் அதே டப்பாக்களை ஊதினார். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. இப்போது தெருமுனை வரைகூட அவரால் நடக்க முடியவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பதக்கத்தைக் காட்டுகிறார். "எம் பொண்ணு... தண்ணில இருந்து..." என்று ஆரம்பிப்பார். மூச்சு போதாமல் என்னைப் பார்ப்பார். மீதியை நான்தான் சொல்லி முடிக்க வேண்டும்.