பூண்டுப் பையோடு திரும்பிய நர்சம்மா

அப்பா மலைப்பூண்டு அடைத்துக் கொடுத்த மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு நர்சம்மா எங்கள் தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறைக்கு, அந்த வட்டாரத்து அரசாங்க நர்சான அவர் கடைசியாக வந்த நாள் அது. பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பையை நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது பழனியில் எடுத்த ஸ்கேனில், என் இடது சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்ததாம். பல பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும், ஆனாலும் பிறந்த பிறகு பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அதை நினைவுபடுத்தத்தான் நர்சம்மா வருஷா வருஷம் மேடேறி வந்தார். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்கண்ணே" என்பார், பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்க வந்தவர் மாதிரி அத்தனை கூச்சத்தோடு. "ஆகட்டும் நர்சம்மா. புள்ள கொழுகொழுன்னுதான இருக்கா, ஒண்ணுக்கு நல்லாத்தான போறா" என்பார் அப்பா. எங்கள் ஊரில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பேச்சு நீளும்போலிருந்தால் அப்பா எழுந்து போய்ப் பூண்டை அள்ளுவார். பை கைக்கு வந்துவிட்டால் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். நர்சம்மாவும் வாங்கிக்கொண்டு கிளம்புவார். பெண்பிள்ளைக்குக் கோளாறு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற பயம் அப்பாவுக்கு.

எனக்கோ அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக மாட்டிவிட்டார்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காய்ச்சல்களில் பலவும் சிறுநீரில் கிருமி சேர்ந்து வந்தவை, அவை சிறுநீரகத்தில் தழும்பை விட்டுப் போயின என்பதெல்லாம் இருபத்தாறு வயதில், நான் உண்டாகி ரத்தக்கொதிப்பு எகிறியபோதுதான் தெரிந்தது. இடது சிறுநீரகம் சுருங்கிக் கிடக்கிறது. மாத்திரை இனி ஆயுளுக்கும். அதே மாதம் எடுத்த ஸ்கேனில், என் வயிற்றிலிருந்த மகளுக்கும் சிறுநீரகத்தில் லேசான வீக்கம் தெரிந்தது.

அப்பாவிடம் சண்டை போட்டும் மனது ஆறவில்லை. அவர் தலை குனிந்துகொண்டார். குனிந்த தலையைப் பார்த்து எவ்வளவு நேரம் கத்துவது? அதனால் சென்ற வாரம், நாற்பது நாள் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் பழனிக்கு இறங்கினேன். ஓய்வு பெற்ற நர்சம்மா அங்கேதான் இருக்கிறார். என் கதையையும் மகளின் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "எங்கப்பாதான் ஒண்ணும் தெரியாதவரு. ஒங்களுக்குத் தெரியும்ல? ஒரு தடவ சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் "போட்டிருக்கணும் தாயி" என்றார். பிறகு என் மடியைப் பார்த்தார். "இவளுக்குப் பொறந்தப்பெறகு ஸ்கேன் எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. பிறந்து ஒரு மாதம் முடியுமுன் வரச் சொல்லியிருந்தார்கள். மழை, குழந்தைக்குச் சளி என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

"பால் நல்லாத்தான் குடிக்கிறா..." என்று இழுத்தேன்.

"எந்திரி!" நர்சம்மா போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அழும் பிள்ளையை என் மடியிலிருந்து வாரிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் அவர் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன்.