மாத்தூர் ஷெட்டில் ஒரு விமானத்துக்கு ஒயரிங்

படகுக்கு ஒயரிங் செய்கிறவர்களுக்குத் தெரியும்: விளக்கு எரிகிறவரை நம் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அணைந்துவிட்டால் நம் அம்மா பேர்வரை ஞாபகம் வந்துவிடும். காசிமேட்டில் இருபது வருஷமாக விசைப்படகுகளுக்கு பேட்டரி, ஒயரிங் வேலை பார்க்கிறேன். உப்புக் காற்றில் களிம்பேறிய செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டி விரல் வெடித்த என் இனத்தாருக்காக, கொஞ்ச காலம் கடலை விட்டு வேறு பக்கம் போன கதையைச் சொல்கிறேன்.

ரெண்டு ஆள் வண்டி

ஏகாம்பரம் அண்ணன் ஒரு நாள் காலையில் பட்டறைக்கு வந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். ரேடியோ ஒன்று, லைட்டு மூன்று, மீட்டர் ஆறு, பெட்ரோல் பம்ப்பு ஒன்று, பேட்டரி ஒன்று என்று எழுதியிருந்தது. ஏதோ சின்ன ஃபைபர் படகு என்று நினைத்து, எத்தனை ஆள் போவீர்கள் என்று கேட்டேன். ரெண்டு என்றார். வலை இழுக்க மோட்டார் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். நீளம் எவ்வளவு என்றதற்கு, றெக்கையோட அளவு சொல்லட்டுமா என்று கேட்டார்.

பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் எதுவும் இல்லை. பெண் கேட்டு வந்தவர் மாதிரி கூச்சத்தோடு நின்றார்.

"தண்ணில போறது இல்லம்மா. மேல போறது."

தராசு

மாத்தூரில் ஒரு தகர ஷெட். உள்ளே மரத்தாலும் ஃபைபராலும் ஆன விமானம், றெக்கைகள் தனியாகச் சுவரோரம். வரைபடத்தை வரவழைத்து ஆறு வருஷமாகத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். எதற்கு அண்ணே இது என்று கேட்டதற்கு, முப்பது வருஷம் கிரேன் கேபினில் உட்கார்ந்து, தனக்குக் கீழே பருந்து பறப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். பருந்து எங்கெங்கோ போய் வந்ததாம், இவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாராம். அந்த ஏக்கம்தான், வேறொன்றும் இல்லை.

நான் படகுக்குப் போடுகிற தடித்த ஒயரைக் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் சுருளை வாங்கித் தராசில் வைத்தார். முள் போன இடத்தைப் பார்த்து இரண்டு பேருக்குமே முகம் செத்துப்போனது. கடலில் ஒரு சுற்றுத் தடிமன் கூடப் போட்டால் நல்லது. மேலே போகிற வண்டியில் ஒவ்வொரு கிராமுக்கும் பதில் சொல்ல வேண்டும். மர உடம்பில் கரண்ட் திரும்பாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஒயர். எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் தின்னும் என்று கணக்கெடுத்து, அதற்குத் தேவையான தடிமனில், ஒரு அங்குலம் மிச்சமில்லாமல் மறுபடி வரைந்தேன். இன்னும் ஐம்பது கிராம் எங்கே குறைக்கலாம் என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கஸ்தூரி அண்ணி டீயோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அப்புறம் என்னிடம் சொன்னார்:

"ஒயர்ல போயி அம்பது கிராம் தேடிகினு கீறீங்க. இந்த மனுசன் தொப்பைய ஒர்த்தரும் கேக்க மாட்றீங்களே."

எதை அணைப்பது

நடுக்கடலில் பேட்டரி செத்தால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பக்கத்துப் படகுக்குக் கையாட்டலாம். கட்டி இழுத்து வந்துவிடுவார்கள். மேலே யாருக்குக் கையாட்டுவது? எஞ்சினிலிருந்து வருகிற சார்ஜ் நின்றுபோனால், பேட்டரி மட்டும் அரைமணி நேரம் தாங்க வேண்டும். அதனால் ஒரே சுவிட்சில் வேண்டாததெல்லாம் அணைந்து, உயிருக்கு அவசியமானது மட்டும் ஓடும்படி அமைக்க வேண்டியிருந்தது.

பம்ப்பு ஓடணும், ரேடியோ ஓடணும் என்று பட்டியல் போட்டோம். பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுகிற ஹெட்போன் வரிசைக்கு வந்ததும், அதை அணைப்பதென்ன, எடுத்தே விடலாம், எடை குறையும் என்று சொல்லிக் கோடு போட்டு அடித்தேன். கஸ்தூரி அண்ணி தான் இதில் ஏறப்போவதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்திருந்தார். அண்ணன் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, நான் அடித்ததை மறுபடி எழுதினார்.

"அவ ஏற மாட்டா, எனக்குத் தெரியும். ஏறுனா பேசறதுக்கு ஒயர் கீதுன்னு அவளுக்குத் தெரியணும்ல?"

இரைச்சல்

இது என் தப்பு. எஞ்சினை ஓடவிட்டதும் ஹெட்போனில் வண்டு குடைகிற மாதிரி ஓர் இரைச்சல். இரண்டு வாரம் தேடினேன். ரேடியோவைச் சந்தேகப்பட்டேன், விற்றவரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், திரும்பி வருகிற ஒயர்கள் எல்லாம் ஒரே போல்ட்டில் முடிய வேண்டியதை நான் இரண்டு இடத்தில் முடித்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. அண்ணன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

சரிசெய்தபிறகு இரண்டு பேர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். றெக்கை மாட்டவில்லை, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்திருக்கிறோம் என்று காட்டியதும் கஸ்தூரி அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். எஞ்சின் ஓடியது. அண்ணனின் வாய் அசைவது தெரிந்தது. வெளியே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி நேரே பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் கழித்து இறங்கி, ஹெட்போனை என்னிடம் கொடுத்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு பேசுனது இன்னிக்கித்தான் முய்சா காதுல வுயுந்துச்சு."

கண்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அண்ணன் மனு போட்டிருந்தார். டாக்டர் பரிசோதனையில் சர்க்கரை வலது கண்ணைத் தொட்டுவிட்டது தெரிந்தது. ஓட்ட முடியாது, இனி எப்போதும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஷெட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் ஒயர் முனையில் கிளிப்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கோணலாக அழுந்திவிட்டது. வெட்டிவிட்டு இன்னொன்று போட்டேன், அதுவும் கோணல். வேலையை நிறுத்திவிடலாமா அண்ணே என்று கேட்டேன்.

"கண்ணு எனக்குத்தான கெட்டுப்பூட்ச்சி, வண்டி இன்னா பண்ணுச்சு? நீ ஒயர மாட்டு."

சுவிட்ச்

விமானம் பறக்க அனுமதி வர இரண்டு மழைக்காலம் ஆனது. றெக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, தெற்கே ஒரு பழைய ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். ஓய்வு பெற்ற விமானி ஒருவர் பல வாரம் தனியாக ஓட்டிப் பார்த்துச் சரி என்றார். அதன்பிறகுதான் ஏகாம்பரம் அண்ணன் பக்கத்து சீட்டில் உட்காரலாம் என்றானது.

விமானம் எழும்பியதும் எல்லோரும் றெக்கையைப் பார்த்தார்கள். நான் றெக்கை நுனியில் மின்னிய விளக்கை மட்டும் பார்த்தேன், கண் கூசி அது மறைகிறவரை. கஸ்தூரி அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தவர், அது திரும்பித் தரையைத் தொடும்வரை விடவில்லை. நகம் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

விமானி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கி, நீயும் ஒரு சுற்று வருகிறாயா என்று என்னைக் கேட்டார். அதற்குள் காற்று பலமாகிவிட்டது, இன்னொரு நாள் என்று அவரே சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் இறங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று போனேன். இருண்டுபோன மீட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெயின் சுவிட்ச இன்னொரு தபா போடும்மா. கொஞ்ச நேரம் எரிஞ்சிகினு இருக்கட்டும்."

எத்தனையோ படகு, ஒரு விமானம் என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் இன்னமும் தண்டையார்பேட்டையிலிருந்து பாரிஸ் கார்னர் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறேன்.