நல்ல தண்ணி

சார்லஸ் போன பிறகு அந்தத் தொட்டியில் முதலில் செத்தவை நத்தைகள். அடுத்தது இறால். பவளங்கள் வெளுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கீரனூரில் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் சார்லஸ். அதற்கு முன் தோஹாவில் ஒரு ஓட்டலில் குளிர்சாதன மெக்கானிக். அந்த ஓட்டலின் வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கடல் தொட்டி உண்டு. அதன் தண்ணீரைக் குளிரவைக்கும் எந்திரம் அவர் பொறுப்பு. ஊர் திரும்பியவர்கள் டிவியும் கம்பளியும் கட்டிக்கொண்டு வந்தார்கள். சார்லஸ் அந்தத் தொட்டியின் மேல் விழுந்த ஆசையைக் கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் வீட்டின் நடு அறையை ஆறடிக் கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டது. கல் பவளம் வைக்கச் சட்டம் விடாது. அவர் வைத்திருந்தவை மென்பவளங்கள், சென்னைக் கடையில் ரசீதோடு வாங்கியவை. கீரனூர் வெயிலுக்கு அவை தாங்காது என்று பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றித் தானே குளிரூட்டி செய்து மாட்டினார்.

பக்கத்துக் கடை ரகுநாத் பேட்டரி விற்பவர். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கட்டுமாவடியில கடலு சும்மா கெடக்கு. அத வீட்டுக்குள்ள வச்சுக் கரண்டு பில்லு கட்டுறீயளே!"

"அங்கிட்டுக் கலங்கிக் கெடக்கும் ரகு. இங்கிட்டு அடிவரைக்கும் தெரியுதுல்ல?"

சார்லஸின் ஒரே மகள் அன்புமொழிக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவை அடக்கம் செய்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழவில்லை. அழாதது அவளுக்கே விசித்திரமாகத் தெரியவில்லை. தினமும் அம்மாவிடம் போனில் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தொட்டிக்கு நல்ல தண்ணிதானே ஊத்துற?"

"நல்ல தண்ணிதான்."

தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். சார்லஸ் திருச்சிக்குப் போகிற நாட்களில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான்: கொறைஞ்சா நல்ல தண்ணி ஊத்து, உப்புத் தண்ணி ஊத்திராத.

முப்பதாம் நாள் பூசைக்கு அன்புமொழி வந்தபோது தொட்டி வெளுத்துக் கிடந்தது. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் வருவது. பவளத்துக்குத் தாங்க முடியாமல் போனால் பாசி வெளியேறிவிடும். அதோடு நிறமும் போகும், சோறும் போகும். பொத்தான் பவளங்கள் சுருங்கிக் கரைந்துகொண்டிருந்தன. பழுப்பு மாறாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, சார்லஸ் முதன்முதலில் வாங்கிய காளான் பவளம். அதுவும் மூடிக்கொண்டிருந்தது.

"அது ஆளத் தேடுது பாப்பா," என்றாள் அம்மா அடைக்கலமேரி.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ரகுநாத் ஒரு படி மேலே போய், "வாயில்லா சீவனுக்கு இருக்குற பாசம் மனுசனுக்கு இல்ல தங்கச்சி," என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அன்புமொழி தண்ணீரைச் சோதித்தாள். உப்பு சரி. வெப்பம் சரி. காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் சரி. விளக்கும் பழுதில்லை. எல்லாம் சரி என்று சொல்லும் தாளை அவள் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அப்பாவின் பரிசோதனை முடிவு அது. ஈசிஜி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கடுத்த வாரம் கடையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். டாக்டர் அட்டாக் என்றார். அதற்கு மேல் கேட்க அவளுக்குக் கேள்வி வரவில்லை.

மீன்கள் நன்றாக நீந்தின. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தை செத்தது, இறால் செத்தது, பவளம் சாகிறது. மீனுக்கு ஒன்றுமில்லை. மீனை விட்டுவிட்டு மற்றதைக் கொல்வது எது?

செம்பு.

திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய்ச் சோதனை மருந்து வாங்கி வந்தாள். சொட்டு விட்டதும் குழாயில் நிறம் ஏறியது.

ஏசி மெக்கானிக் வீட்டில் செம்புக்கா பஞ்சம்? அவள் கண் நேராக அந்தக் குளிரூட்டிக்குப் போனது. அப்பா கையால் செய்தது. அதற்குள் ஒரு செப்புக் குழாய் உப்பு நீரில் பட்டிருந்தால் தொட்டியைக் கொன்றது அவர் வேலைதான். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே தண்ணீர் படும் சுருள் உப்பு அரிக்காத சாம்பல் நிற டைட்டானியம். செப்பு இணைப்புகள் அத்தனையும் வெளியே, தண்ணீர் எட்டாத இடத்தில். வளைவில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா தப்பு செய்யவில்லை. மகிழ்ச்சி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. திருகாணிகளைத் திரும்ப முடுக்கினாள்.

கடைசித் திருகாணி முடுக்கும்போது அம்மா இடுப்பில் செப்புக் குடத்தோடு வந்தாள். கல்யாணத்தில் வந்த சீர்க்குடம். புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது.

"என்னம்மா அது?"

"நல்ல தண்ணி. நகரு, கொறைஞ்சிருக்கு."

"இதுலயா தெனமும் ஊத்துற?"

"பின்ன? அப்பா அந்தப் பிளாஸ்டிக் கேனத் தூக்கி மடமடன்னு கவுப்பாரு. எனக்கு மனசு வரல. அவரு குடிக்கப் புடிச்சு வைக்கிற கொடம் இது. குடிக்கத்தான் ஆளில்ல. அதான் நல்லா வெளக்கி, ராத்திரியே பில்டர் தண்ணியப் புடிச்சு வச்சு, காலையில இதுகளுக்கு ஊத்துறேன்."

பில்டர் தண்ணீரில் தாது எதுவும் இருக்காது. பசித்த தண்ணீர் அது. புளி தேய்த்த செம்பில் இரவு முழுக்க நின்றால் செம்பைத் தின்னும். இதை விளக்க அன்புமொழிக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால் பவளமும் அவரைத் தேடுகிறது என்ற ஆறுதல் அம்மாவிடமிருந்து போய்விடும். போன இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். சொல்லாவிட்டால் காளான் பவளம் போகும்.

குடம் தொட்டி விளிம்பில் சாய்ந்தது. அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"அம்மா, செம்பு அதுக்கு ஆகாது."

"நமக்கு ஒடம்புக்கு நல்லதுன்னு நீதான சொன்னே?"

"நமக்கு வேற. அதுக்கு வெசம்."

அடைக்கலமேரி குடத்தை நிமிர்த்தினாள். இறக்கி வைக்கவில்லை.

"அப்ப அது அவரத் தேடல."

"தேடல."

"நாந்தான்."

"நீ இல்லம்மா. கொடம்."

"கொடம் என்ன, தானா நடந்து வந்துச்சா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "தெனமும் போன்ல கேட்டியே, என்னத்துல ஊத்துறன்னு ஒரு வார்த்த கேட்டியா? பெரிய லேப்பு!"

அன்புமொழி புதிதாக உப்புக் கரைத்தாள். செம்பை உறிஞ்ச வடிகட்டியில் கரி போட்டாள். பழைய தண்ணீரைப் பாதியளவு வாளியில் இறைத்தாள். ரகுநாத் வந்து வாளி தூக்கினார்.

"அப்ப பவளத்துக்குத் துக்கம் இல்லியா பாப்பா? நான் ஊரு பூராச் சொல்லிட்டேனே!"

வேலை முடிந்தபோது குடம் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லின் மேல் தண்ணீரோடு இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள்.

"பாத்திரக் கடையில போட்டுருவோம். கண்ணுல படவேணாம்."

அன்புமொழி குடத்தைத் தூக்கி வந்து அடுப்படியில் வைத்தாள். ஒரு டம்ளர் மொண்டு, நின்றபடியே குடித்து முடித்தாள்.

"குடிக்க ஆளு இருக்கேன்," என்றாள்.

அம்மா கட்டிலடியில் கிடந்த பிளாஸ்டிக் கேனை இழுத்து, தூசி துடைத்து, தொட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். காளான் பவளம் இன்னும் மூடித்தான் இருந்தது.