கோட்டை வாசலில் ஒரு தற்செயல்

ஜேர்மனியில் நான் ஏறாத கோட்டையே இல்லை!

சரி... பொய். முந்தாநாள் வரைக்கும் நான் பார்த்த கோட்டையெல்லாம் பியர்க் கோப்பையில் அச்சடித்தவை. பேர்லின் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் அவற்றைக் கழுவியதுதான் என் சரித்திரப் படிப்பு. பள்ளிக்கூடப் படிப்பைக் கேட்காதீர்கள் – அது அதைவிடக் குறைவு.

அதனால்தான், "இந்த லீவுக்கு மகளோடை மூண்டு பேரும் ரைன் நதிப் பக்கம் கோட்டை பார்க்கப் போவம்" என்று மனைவி சொன்னபோதே எனக்குச் சந்தேகம். லீவு என்றால் தங்கச்சி வீட்டுக்கு ஓடுகிறவளுக்கு இடிந்த சுவரில் என்ன வேலை? அதுவும் பட்டுச்சேலையில்?

"இஞ்சேரப்பா, மலை ஏற ஆர் பட்டுச்சீலை கட்டினது?"

"ராசா இருந்த இடமெல்லோ. பேசாமல் வாங்கோ."

கோட்டை வாசலில் விடை நின்றது. டோர்ட்முண்டிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் – தாய், தகப்பன், கோட் போட்ட மகன். "அட, நீங்களும் இஞ்சையோ!" என்று மனைவி கூவினாள். மேடையில் இப்படி நடித்திருந்தால் முட்டை எறிந்திருப்பார்கள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே? பொம்பிளை பார்ப்பதைத் தற்செயல் மாதிரிச் செய்வது. ஊரில் கோயில் வீதி... இங்கே கோட்டை. பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை.

நான் மகளைப் பார்த்தேன். கல்யாணப் பேச்செடுத்தாலே எழும்பிப் போகிறவள் என் மகள். விஷயம் பிடிபட்டால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள். ஆனால் அவள் சிரித்துச் சிரித்து, பையனின் தாய் கொண்டுவந்த வடையை எல்லோருக்கும் நீட்டினாள். என் சந்தேகம் இரண்டாயிற்று.

கோபுரத்தில் ஏறினோம். மகள் மட்டும் கீழே நின்றுவிட்டாள்.

"பிள்ளை ஏன் வரேல்லை?" என்று பையனின் தாய் கேட்டார்.

"அவவுக்கு உயரம் எண்டால் தலை சுத்தும் அம்மா," என்றான் பையன்.

அறிமுகமாகி ஒரு வடை சாப்பிடும் நேரம்தான். இவனுக்கு யார் சொன்னது? எட்டிப் பார்த்தேன். மகள் கீழிருந்து கையசைத்தாள் – எனக்கல்ல. பக்கத்தில் பையனின் கை உயர்ந்தது. என்னைக் கண்டதும் அதே கையால் தலையைச் சொறிந்தான்.

இறங்கியதும் மனைவியைத் தனியே பிடித்தேன்.

"இந்தச் சம்பந்தம் எப்பிடி வந்தது?"

"மகளின்ரை சிநேகிதிதான் பெடியன்ரை தாயின்ரை நம்பர் தந்தவள். இந்தக் கோட்டை வடிவெண்டு மகளே ஒருநாள் சொன்னவள். பாவம், அவளுக்கு ஒண்டும் தெரியாது."

பாவம் யார்?

சொல்லலாமா? மனைவிக்குப் பையனை நன்றாகப் பிடித்துவிட்டது. தான் கண்டுபிடித்த மாப்பிள்ளை அல்லவா! மகள் கண்டுபிடித்தவன் என்று தெரிந்தால் அதே பையனுக்கு ஊர், தெரு, கிணற்றடி வரைக்கும் விசாரணை தொடங்கும். கடைசியில் 'வேண்டாம்' என்று வந்து நிற்கும்.

பகைவர்கள் மதிலேறித்தான் கோட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டுக் கோட்டையை உள்ளேயிருந்தே திறந்துவிட்டார்கள் – சாவியைத் தன்னிடமே வைத்திருப்பதாக ராணி இன்னும் நம்புகிறாள்.

நல்ல காலம், என் எழுத்தை மனைவி படிப்பதில்லை. படிக்கிற நீங்கள் தயவுசெய்து அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள். நானும் வாய் திறக்கமாட்டேன். ஏனென்றால் அன்று பின்னேரம் மகள் என்னிடம் வந்து, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அப்பா" என்று...

"இஞ்சருங்கோ!" அறை வாசலில் மனைவி. "எழுதினது காணும், ஒருக்கா வாங்கோ. அந்தப் பெடியன் கோபுரத்திலை எங்கடை பிள்ளையைப் பற்றித் தாயிட்டை என்ன சொன்னவன்?"

போகிறேன். இந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் காது கேட்காது.